கன்றுத்தோலும் மருத நிலமும்

லத்தீன் மகாகவி வர்ஜிலின் 'ஏனியட்' காவியத்தின் பழம்பதிப்புகள் பலவற்றுக்குத் தோலே அட்டை. கன்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டி உலர்த்துவர். எழுதுவதற்குரிய இத்தகைய தோலை அரபியில் 'ரக்கு' என்பர். திருக்குர்ஆனின் அத்தூர் அத்தியாயத்தில் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. நூல் எந்நாட்டில் பிறந்ததாயினும், அதைப் போர்த்தும் தோல் பெரும்பாலும் அட்டை கட்டுபவரின் நாட்டுக் கன்றினுடையதே.

காவியங்கள் மொழி கடக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. லத்தீன் இலக்கியம் பயின்று தமிழகம் வந்த இத்தாலியர் வீரமாமுனிவர் (1680–1747). அவருடைய தேம்பாவணி 1851–53 ஆண்டுகளில் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் அச்சேறியது. அதற்கு முன்பே, 1842இல், உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சு வடிவம் பெற்றுவிட்டது. இரு காவியங்களின் நாட்டுப் படலங்களிலும் மழை பொழிகிறது; ஆறு பெருகுகிறது; நெல் விளைகிறது. ஒன்றில் அந்நாடு யூதேயா, மற்றொன்றில் அரபகம்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்த மாணவர் ஒருவர் வகுப்பில் வினவினார்: "உஸ்தாத், மக்காவைச் சூழ்ந்த நிலத்தில் எங்கள் ஊர் வயலைக் காட்டுவது பொய்யல்லவா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றில் பொய் கலக்கலாமா?"

புறக்கணிக்கத் தகாத வினா இது. வரலாற்று நூலாயின் இவ்வருணனை பிழையே. ஆனால் உமறு பாலையை அறியாதவரல்லர். விலாதத்துக் காண்டத்திலேயே 'சுரத்திற் புனலழைத்த படலம்' உள்ளது. நீரற்ற சுரத்தின் வெம்மையும் வழிச்செல்வோரின் தாகமும் அங்கே தெளிவாகப் புலப்படுகின்றன. நிகழ்ச்சிக்கு நிலம் இன்றியமையாத இடத்தில் கவிஞர் பாலையைப் பாலையாகவே காட்டுகிறார். நாட்டுப் படலத்து மருதமோ காப்பிய மரபு தந்த மங்கல முகப்பு. புனித பூமியின் வளத்தைத் தமிழன் அறிந்த அளவைகளால் அளந்து காட்டும் முயற்சி. அறியாமையால் நேர்ந்த பிழையன்று, அறிந்தே அணிவித்த போர்வை.

அப்போர்வை சில இடங்களில் தடித்துவிட்டதென்பதை மறுப்பதற்கில்லை. முகப்பு வருணனையிலேயே களைத்து நூலை மூடிவிடுவோர் பலர். ஆலிம்களாகிய நாமும் அரபு உரைநடை சீறாவைப் போற்றி, உமறுவை அலமாரியில் அடைத்துவிட்டோம். அட்டையைக் கொண்டு நூலை மதிப்பிடுவது ஆய்வாளர்க்கு அழகன்று. அம்மாணவரிடம் நாட்டுப் படலத்தையும் சுரப் படலத்தையும் அடுத்தடுத்து ஓதிவரச் சொன்னேன். நம் வகுப்புகள்தோறும் அப்பாடம் நடைபெற வேண்டும்.