பழைய வடிசாலையும் பொய்ச்சாட்சியும்

நகர ஊழியத்தைக் குறித்துப் பேசுகையில், சில ஆண்டுகளுக்கு முன் நான் பிரசங்கத்தில் ஒரு செய்தியை எடுத்தாண்டதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் நகரத்தின் ஒரே கட்டடத்தில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இரவுக்கொரு கொலை நிகழ்ந்ததென்றும், அருட்பணியாளர் அதனை விலைக்கு வாங்கி இடித்து அவ்விடத்தில் ஜெபவீடு எழுப்பினரென்றும் கூறினேன். சபையார் மனமுருகிக் கேட்டனர். அன்றைய காணிக்கையும் வழக்கத்தினும் மிகுந்திருந்தது. சென்ற ஆண்டு அதே செய்தியை வகுப்பில் சொன்னபோது மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டின் ஓரத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, ஐயாயிரத்து நானூறுக்கு மேல் வருகிறதே, அத்தனை பேரை எங்கே அடக்கம் செய்தார்கள்?" என்று வினவினார். என்னிடம் விடையில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அச்செய்தி ஹெர்பர்ட் ஆஸ்பரி 1928இல் வெளியிட்ட 'நியூயார்க்கின் கும்பல்கள்' என்னும் நூலில் உள்ளது. மார்ட்டின் ஸ்கார்செஸி 2002இல் இதனைத் தழுவி எடுத்த திரைப்படத்தால் இந்நூல் மறுபடியும் பலர் கைக்கு வந்தது. நூலின் களங்களுள் முதன்மையானது 'ஐந்துமுனை' என வழங்கிய சேரி. மன்ஹாட்டனின் தென்பகுதியில் கலெக்ட் என்னும் குளத்தைத் தூர்த்துப் பெற்ற நிலத்தில், தெருக்கள் கூடி ஐந்து முனைகளாய்ப் பிரிந்த இடம் அது. தூர்த்த நிலமாதலால் வீடுகள் மெல்லப் புதைந்தன. ஈரமும் நாற்றமும் நீங்கவில்லை. வசதியுள்ளோர் வெளியேற, ஏழைகள் குடியேறினர். அங்கே 1792இல் கட்டப்பட்ட பீர் வடிசாலையொன்று 1837இல் குடியிருப்பாக மாற்றப்பட்டது. அதுவே நான் பிரசங்கித்த கட்டடம். மக்கள் அதனைப் 'பழைய வடிசாலை' என்றழைத்தனர்.

ஆஸ்பரியின் நடை விறுவிறுப்பானது. கும்பல்களின் பெயர்களையும் சண்டைகளையும் அவர் அடுக்கும் வேகத்தில் வாசகர் ஐயுறவும் மறந்துவிடுகிறார். ஆனால் மாணவரின் கணக்கை வைத்துக்கொண்டு படித்தால் நூல் தள்ளாடுகிறது. 1850இல் நியூயார்க்கின் மக்கள்தொகை ஐந்து இலட்சத்தைச் சிறிது தாண்டியிருந்தது. அந்நகரின் கொலைகளை ஆராய்ந்து எரிக் மாங்கனன் 2001இல் வெளியிட்ட நூலின்படி பார்த்தால், அக்காலத்தில் நகரம் முழுவதிலும் ஓராண்டில் நிகழ்ந்த கொலைகளே நூற்றுக்கு வெகு கீழே. ஒரு கட்டடத்தில் மட்டும் ஆண்டுக்கு முந்நூற்றறுபத்தைந்து என்பது எங்ஙனம் பொருந்தும்? 1863 ஜூலையில் கட்டாய இராணுவச் சேர்ப்பை எதிர்த்தெழுந்த கலகத்திலும் இதே நிலை. இறந்தோர் 2,000 என்றும் காயமுற்றோர் 8,000 என்றும் ஆஸ்பரி எழுதுகிறார். பின்வந்த ஆய்வாளர் பெயர்பெயராக எண்ணி உறுதிசெய்தது 120க்கு உட்பட்டதே.

ஆஸ்பரி பத்திரிகையாளர், பத்திரிகையாளரின் மிகைக்கு நாம் பொறுப்பல்லோம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அவ்வாறு கடக்கவியலாத இடம் ஒன்றுண்டு. பழைய வடிசாலையைப் பற்றி அவர் வரையும் சித்திரம், 'கொலைகாரர் சந்து', 'கள்ளர் குகை' என்னும் பெயர்கள் உட்பட, 1854இல் வெளிவந்த மற்றொரு நூலில் முன்னரே உள்ளது. பழைய வடிசாலையையும் ஐந்துமுனையில் எழுந்த புதிய அருட்பணி இல்லத்தையும் பற்றிய அந்நூலை எழுதியோர் 'அருட்பணி மாதர்' என்று மட்டுமே தம்மைக் குறித்துக்கொண்டனர். அவர்கள் மெதடிஸ்ட் எப்பிஸ்கோபல் சபையின் உள்நாட்டு அருட்பணி மாதர் சங்கத்தினர். 1852இல் 16,000 டாலருக்கு வடிசாலையை வாங்கி, அவ்வாண்டு டிசம்பரில் இடித்து, மறு ஆண்டு புதிய இல்லத்தைத் திறந்தவர்கள். ஆஸ்பரியோ மெதடிஸ்ட் குடும்பத்திற் பிறந்து, மெதடிசத்தைச் சாடி 1926இல் நூலெழுதியவர். பேராயர் பிரான்சிஸ் ஆஸ்பரி தம் மரபினர் என்று சொல்லிக்கொண்டவர். தம் முன்னோரின் சமயத்தை எள்ளிய ஒருவர், அச்சமயத்து மாதர் தீட்டிய இருட்டை ஐயமின்றி ஏற்றுக்கொண்டு, அதிலிருந்த ஜெபத்தை மட்டும் நீக்கிவிட்டார் என்பதே என் கணிப்பு.

அம்மாதரின் அன்பை நான் ஐயுறவில்லை. மற்றவர் கால்வைக்க அஞ்சிய தெருவில் அவர்கள் பள்ளி நடத்தினர். குழந்தைகளுக்கு ஆடையும் உணவும் அளித்தனர். ஆனால் அவர்கள் எழுதியது பணந்தரும் அன்பர்களுக்காக. இருள் எவ்வளவு அடர்த்தியாய்க் காட்டப்படுகிறதோ அவ்வளவுக்கு விளக்கு ஒளிரும். அவ்வளவுக்கு உண்டியலும் நிறையும். அறிக்கை எழுதிப் பழகிய ஊழியர் எவரும் இச்சோதனையை அறிவர். பிறனைக் குறித்துப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளையை நாம் வழக்குமன்றத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். நாம் மீட்க விரும்பும் பிறனைக் குறித்து, அவன் மீட்பின் பொருட்டே, மிகைப்படச் சொல்வதும் அதன்கீழ் வருமா என்று நம் வகுப்புகளில் கேட்கப்படுவதில்லை.

இம்மாதர் அனுப்பிய முதல் ஊழியருள் ஒருவரான லூயிஸ் பீஸ் என்னும் குருவானவரின் வரலாறு இங்கே மிகவும் பயன்படும். 1850இல் ஐந்துமுனைக்கு வந்த அவர், பின்னர்த் தம் குடும்பத்துடன் அங்கேயே குடியேறினார். தீய தொழிலை விடும்படி பெண்களிடம் சொன்னபோது, வேலை கொடுத்தால் விடுகிறோம் என்றனர். ஐந்துமுனை என்ற முகவரியைக் கேட்டவுடன் எவரும் வேலை தர மறுத்தனர். பீஸ் தாமே வணிகரிடமிருந்து சட்டைத் துணிகளைப் பெற்றுவந்து தையல்வேலை கொடுத்தார். பிரசங்கத்தை விட்டுத் துணிமூட்டைக்குப் பின்னே அலைகிறாரே என்று சங்கத்தார் மனம் நொந்தனர். ஓராண்டளவில் பிளவு நேர்ந்தது; பீஸ் தனியே நடத்திய பணி 'ஐந்துமுனைத் தொழிலகம்' ஆயிற்று. அப்பெண்களுக்கு வேலை மறுக்கப்பட்டது அவர்கள் பாவத்தால் மட்டுமன்று. அவர்களுடைய தெருவின் பெயராலும் ஆகும். அப்பெயரை அச்சிலேற்றிப் பரப்பியோர் யார்? பத்திரிகையாளரும், 1842இல் காவலர் துணையுடன் சுற்றிப்பார்த்த சார்லஸ் டிக்கன்சும், நம்மவரும்.

பீஸுடன் சிறிது காலம் உழைத்தவர் சார்லஸ் லோரிங் பிரேஸ். யூனியன் இறையியல் கல்லூரியில் பயின்ற இவர் 1853இல் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். 1872இல் வெளிவந்த இவருடைய நூலின் தலைப்பே நியூயார்க்கின் 'அபாயகரமான வகுப்பினர்' என்பது. தெருச்சிறுவரை இவர் உண்மையாகவே நேசித்தார். அவர்களது துணிவை வியந்தும் எழுதினார். ஆயினும் அவர்கள் வளர்ந்து நகரத்தை அழிப்பர் என்னும் அச்சத்தைப் பணந்தருவோர் உள்ளத்தில் எழுப்பாமல் அவரால் எழுத இயலவில்லை. 1854 முதல் 1929 வரை இரயில்களில் மேற்குப் புறப் பண்ணைகளுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுள் பலர் அனாதைகளல்லர், பெற்றோர் உயிருடனிருந்தனர். கத்தோலிக்கக் குழந்தைகள் புரோட்டஸ்தாந்து இல்லங்களில் சேர்க்கப்படுகின்றனர் என்று கத்தோலிக்கர் முறையிட்டதும் அடிப்படையற்றதன்று. தெரு தீயதென்று முடிவுகட்டிய பின், தாயின் வீடும் தீயதாகவே தோன்றிற்று.

கும்பல்கள்தாம் என்னவாயிருந்தன? ஆஸ்பரி அவற்றைக் குற்றப் படைகளாகவே காண்கிறார். டைலர் அன்பைண்டர் 2001இல் வெளியிட்ட 'ஐந்துமுனை' என்னும் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அக்கூட்டங்கள் பெரும்பாலும் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களையும் வட்டாரத் தேர்தல் அரசியலையும் சார்ந்தவை. வாக்குச்சாவடியில் முஷ்டி வேண்டியிருந்தது. அதற்கு ஊதியமாக அரசாங்க வேலை கிடைத்தது. குத்துச்சண்டையாலும் தெருச்சண்டையாலும் பெயர்பெற்ற ஜான் மாரிசி 1867இல் அமெரிக்கக் காங்கிரசில் அமர்ந்தார். 1857 ஜூலை 4, 5 தேதிகளில் பவரித் தெருவினரோடு நடந்த சண்டைக்குப் பின் பத்திரிகைகள் 'செத்த முயல்கள்' என்று பெயரிட்ட கூட்டத்தை, அப்படியொன்றே இல்லையென்று அப்பகுதியினர் அப்போதே மறுத்தனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவ்வாண்டு மாநிலச் சட்டமன்றம் நகரத்தின் காவற்படையைக் கலைத்துப் புதிய படையொன்றை ஏற்படுத்தியதால், அந்நாட்களில் எந்தக் காவலருக்குக் கீழ்ப்படிவது என்பதே தெளிவற்றிருந்தது.

எதிர்த்தரப்பினருள் பலர் அயர்லாந்துக் கத்தோலிக்கரை வெறுத்த புரோட்டஸ்தாந்தர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது. திரைப்படம் 1863க்குக் கொண்டுவரும் கசாப்புக்காரர் பில்லுக்கு மூலமான வில்லியம் பூல், அவ்வெறுப்பையே கொள்கையாகக் கொண்ட கட்சியைச் சார்ந்தவர். 1855இலேயே சுடப்பட்டு மாண்டார்.

அன்பைண்டரின் சிறந்த பக்கங்கள் சேமிப்பைப் பற்றியவை. பஞ்சத்திற்குப் பின் லேன்ஸ்டவுன் பிரபுவின் கெரி வட்டார நிலங்களிலிருந்து 1851 முதல் அனுப்பப்பட்ட ஏழைக் குடியானவர் பலர் ஐந்துமுனையில் தங்கினர். 1850இல் தொடங்கிய குடியேறியோர் சேமிப்பு வங்கியின் ஏடுகளைப் புரட்டி, அவர்களுள் பலர் சில ஆண்டுகளில் நூறு டாலருக்கு மேலும் சேர்த்திருந்தனர் என்று அவர் காட்டுகிறார். குடிவெறியர் என்று இகழப்பட்ட தெருவில் இது நிகழ்ந்தது. இவ்விடத்தில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. வங்கிக்குச் செல்லக்கூடியவனே ஏட்டில் இடம்பெறுவான், செல்லவியலாதவளுக்கு ஏடில்லை. பீஸிடம் வேலை கேட்ட பெண்ணை அன்பைண்டரைவிட அம்மாதரே அருகிலிருந்து கண்டனர்.

ஐந்துமுனையைக் குற்றமற்ற ஊராக்குவதும் சாட்சியைத் திரிப்பதேயாகும். 1834 ஜூலையில் அடிமை ஒழிப்பை எதிர்த்த கூட்டத்தார் அப்பகுதியிலிருந்த கறுப்பினத்தாரின் புனித பிலிப்பு ஆலயத்தைத் தகர்த்தனர். அதன் குருவானவர் பீட்டர் வில்லியம்ஸை அடிமை ஒழிப்புச் சங்கப் பொறுப்பிலிருந்து விலகும்படி சொன்னவர் கும்பல் தலைவரல்லர். அவருடைய பேராயர் ஆண்டர்டாங்க். வில்லியம்ஸ் கீழ்ப்படிந்தார். 1863 கலகத்தில் நகரின் மேற்பகுதியிலிருந்த கறுப்பினக் குழந்தைகள் இல்லம் எரிக்கப்பட்டது. 233 குழந்தைகள் தப்பினர். கறுப்பினத்தார் பதினொருவரேனும் கொல்லப்பட்டனர். இரண்டாயிரம் என்று ஊதிப் பெருக்கிய எண்ணுக்குள் இப்பதினொருவர் காணாமற்போகின்றனர் என்பது ஆஸ்பரியின் மீது எனக்குள்ள பெருங்குறை.

1991இல் நீதிமன்றம் கட்டுவதற்காக அவ்விடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ 8,50,000 பொருட்கள் கிடைத்தன. ஊசிகள், விரற்கூடுகள், கோலிகள், பீங்கான் பாத்திரங்கள், மதுவிலக்குப் போதித்த அயர்லாந்துக் கத்தோலிக்கக் குருவானவர் மேத்யூவின் உருவம் பொறித்த தேநீர்க் கோப்பை ஆகியன அவற்றுள் அடங்கும். உலக வர்த்தக மையத்தில் வைக்கப்பட்டிருந்த அவை 2001 செப்டம்பர் 11இல் அழிந்தன. கடனாக வெளியே அளிக்கப்பட்டிருந்த சில மட்டுமே எஞ்சின.

நம் நூலகத்தில் ஆஸ்பரி இருக்கிறார், அன்பைண்டர் இல்லை. வாங்கும்படி எழுதிக் கொடுத்துள்ளேன். ஆஸ்பரியை அகற்ற வேண்டியதில்லை. 1854ஆம் ஆண்டு நூலையும் பக்கத்தில் வைத்து மாணவர் ஒப்பிட்டுப் படிக்கட்டும். என் பிரசங்கக் குறிப்பில் அவ்வரியை அடித்துவிட்டேன். அதைக் கேட்டுக் காணிக்கை இட்ட சபையாருக்கு இன்னும் சொல்லவில்லை. வரும் அறுப்பின் பண்டிகைக்கு அவர்களே மீண்டும் அழைத்திருக்கிறார்கள்.