ஸ்கீமா சொல்லாததை யார் எழுதுவது?

மைஎஸ்க்யூஎல் பழகுபவர்களுக்கென்று ‘சகிலா’ என்றொரு மாதிரித் தரவுத்தளம் உண்டு. ஒரு டிவிடி வாடகைக் கடையின் கணக்கு, 16 அட்டவணைகளில். படங்களுக்கான அட்டவணையில் ‘ரென்டல் டியூரேஷன்’, ‘ரென்டல் ரேட்’ என்று இரண்டு நெடுவரிசைகள். ஒன்றும் நிரப்பாமல் விட்டால் முதலாவதில் 3, அடுத்ததில் 4.99 என்று விழும். படத்தை முழுத் தவணைக்கும் எடுத்தால் வாடகை எவ்வளவு என்று ஓர் ஏஐ ஏஜென்டைக் கேளுங்கள். இரண்டையும் பெருக்கிச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். பெயரை மட்டும் பார்க்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் 4.99 என்பது தவணை முழுவதற்கும் சேர்த்த வாடகை. இதைச் சொல்வது மைஎஸ்க்யூஎல் கையேடு; அட்டவணைகளின் அமைப்பை வரையறுக்கும் ஸ்கீமாவில் இது இல்லை. வாடிக்கையாளர் அட்டவணையிலுள்ள ‘ஆக்டிவ்’ என்ற நெடுவரிசையும் அப்படியே. ஆளை நீக்குவதற்குப் பதிலாக அதை அணைத்து வைக்கலாம், பெரும்பாலான வினவல்களில் ‘ஆக்டிவ்’ ஆனவர்களை மட்டும் எடுக்கும் நிபந்தனை இருக்க வேண்டும் என்கிறது கையேடு. ஸ்கீமாவில் தெரிவது உண்டா இல்லையா என்ற ஒரு வகை மட்டுமே.

ஏஜென்டுகளுக்காக ஸ்கீமாவைத் தேடித் தரும் கருவியை ஆவணப்படுத்துவது இப்போது ஒரு தனி வேலையாகவே வளர்ந்திருக்கிறது. ஏஐ மாடல்களைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவை தரப்படுகின்றன. எப்போது கூப்பிடுவது, என்ன கொடுப்பது என்று மாடல் முடிவெடுப்பது அவற்றைப் படித்துத்தான். விளக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் ஏஜென்டின் நடத்தை மாறும். ஆவணம் எழுதச் சொன்னால் ஒளிந்துகொள்ளும் நிரலாளர்கள்கூட இன்று உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்றால் காரணம் இதுதான். இந்த வழக்கத்தின் பெரிய நன்மை என்று நான் கருதுவதும் இதையே.

கருவி என்னவோ புதுமை அல்ல. தரவுத்தளத்தின் அமைப்பையும் தரவைப் போலவே, அதே மொழியில் கேட்டறிய முடிய வேண்டும் என்று உறவுமுறைத் தரவுத்தள மாதிரியை வகுத்த எட்கர் காட் 1985இல் தன் பன்னிரண்டு விதிகளில் நான்காவதாகச் சொல்லிவிட்டார். புதிதாக வந்திருப்பது கேட்கும் ஆள். பக்கத்து மேசைக்காரரிடம் சந்தேகம் கேட்க வழியில்லாத ஆள்.

எழுதுவதால் பலன் உண்டா? 2023இல் வந்த ‘பேர்ட்’ என்னும் சோதனைத் தொகுப்பில், தரவைப் பற்றிய கூடுதல் குறிப்பு இல்லாதபோது ஜிபிடி-4 ஏறத்தாழ 35 விழுக்காடு வினவல்களைச் சரியாக எழுதியது. குறிப்பு தந்ததும் 55ஐத் தொட்டது. மனிதர்கள் பெற்றது 93. இந்த எண்களைக் காட்டி ஆவணத்தின் பெருமை பேசுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே குறிப்புகள் ஒவ்வொரு கேள்விக்கும் ஏற்ப மனிதர்கள் எழுதி வைத்தவை. ஸ்கீமா தேடும் கருவி தானாக அவற்றைக் கொண்டுவராது.

குறை அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான விளக்கங்கள் கருவியைப் பற்றிப் பேசுகின்றன, தரவைப் பற்றி அல்ல. ‘ஸ்கீமாவைத் தரும் கருவி’ என்று பெயரையே திருப்பிச் சொல்லும் வரியால் யாருக்கு லாபம்? இன்னும் சிலர் அட்டவணைகளின் அர்த்தத்தையெல்லாம் கருவியின் விளக்கத்துக்குள்ளேயே திணிக்கிறார்கள். அது ஒவ்வொரு உரையாடலிலும் மாடலின் சூழல் இடத்தை அடைக்கும். ஆறு மாதத்தில் அட்டவணை மாறியிருக்கும். விளக்கம் பழையபடியே நிற்கும்.

அர்த்தம் இருக்க வேண்டிய இடம் தரவுத்தளமே. போஸ்ட்கிரஸில் ‘காமென்ட் ஆன்’ கட்டளை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் நெடுவரிசையை வரையறுக்கும்போதே குறிப்பு எழுதலாம். எஸ்க்யூலைட்டில் தனிக் கட்டளை இல்லை; ஆனால் அட்டவணையை உருவாக்கிய உரையை அது அப்படியே வைத்திருப்பதால் அதனுள் எழுதிய குறிப்பும் தங்கும். இதில் ஒரு பள்ளம் உண்டு. மைஎஸ்க்யூஎல்லின் ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’வில் குறிப்புகள் கிடைக்கும், போஸ்ட்கிரஸில் கிடைக்காது, அங்கே அவை வேறு உள் அட்டவணையில் இருக்கின்றன. பொதுத் தரத்தை நம்பி எழுதிய கருவி, எழுதி வைத்த குறிப்புகளைப் பார்க்காமலே திரும்பிவிடும்.

நல்ல ஆவணத்துக்கு நீளம் தேவையில்லை. முதலில் அட்டவணைப் பெயர்கள், பிறகு வேண்டியவற்றின் விவரம் என்று இரண்டு படியாகக் கேட்கச் சொன்னால் போதும். பெயர் தவறினால் வெறும் ‘கிடைக்கவில்லை’ என்று கைவிரிக்காமல் நெருங்கிய பெயர்களைக் காட்டும் பிழைச்செய்தியும் ஆவணம்தான். அதை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விளக்கத்தைப் பூட்டாக நினைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தான குறை. ‘படிக்க மட்டும்’ என்று எழுதிவிட்டால் எழுதும் அனுமதி போய்விடாது. எம்சிபி நெறிமுறையே இத்தகைய அடையாளங்களை வெறும் குறிப்பாகத்தான் கொள்கிறது. நம்பகமற்ற சர்வரிலிருந்து வந்தால் நம்பாதே என்கிறது. போதாக்குறைக்கு, நெடுவரிசைக் குறிப்பு மாடலுக்குள் போகும் உரை. அதில் எழுத உரிமை உள்ளவர் எவரும் ஏஜென்டுக்கு ஒரு கட்டளையை ஒளித்து வைக்க முடியும். நான் மேலே பரிந்துரைத்த வழிக்கும் இந்த விலை உண்டு. ஆகவே ஏஜென்டுக்குத் தரும் தரவுத்தளக் கணக்குக்குப் படிக்கும் உரிமை தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. குறிப்புகளை மாற்றுவதும் நிரலை மாற்றுவதைப் போலவே இன்னொருவரின் பார்வைக்குப் போக வேண்டும்.

கருவியின் விளக்கத்தை நாலு வரியில் முடியுங்கள். மிச்ச நேரத்தை நெடுவரிசைக் குறிப்புகளுக்குக் கொடுங்கள். அவற்றை எழுதும் பொறுப்பை, நிரல் எழுதியவரிடம் மட்டும் விடாமல், தரவுத்தளத்திலுள்ள எண்களை அன்றாடம் கையாளும் கணக்குப் பிரிவினரிடமும் ஒப்படையுங்கள்.