வாய்ப்பூட்டுப் போட்ட மண்ணின் குரல்கள்

அமெரிக்க மாநிலங்களில் ஏழ்மைக்குப் பெயர்போனது மிசிசிப்பி. மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். வில்லியம் ஃபாக்னர், ரிச்சர்ட் ரைட், யூடோரா வெல்ட்டி, டென்னசி வில்லியம்ஸ், மடி வாட்டர்ஸ், பி.பி. கிங், எல்விஸ் பிரெஸ்லி, ஓப்ரா வின்ஃப்ரே, பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சன் என்று இந்தச் சின்ன மாநிலம் பெற்ற பிள்ளைகளை எண்ணினால் வியப்பு அடங்காது. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் இவர்களை நாம் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள். இவர்கள் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சொந்த ஊரில் வாய் திறக்க இவருக்கு உரிமை இருந்ததா?

மிசிசிப்பியின் 1890ஆம் ஆண்டு அரசியல் சட்டம், வாக்களிக்க விரும்புகிறவர் அச்சட்டத்தின் எந்தப் பிரிவையும் வாசிக்கவோ, வாசிக்கக் கேட்டு விளக்கவோ வேண்டும் என்றது. விளக்கம் சரியா என்று தீர்ப்பளித்தவர் வெள்ளைக்கார அதிகாரி. எழுத்தையே பூட்டாக்கிய மாநிலம் அது. அதன் கலை வரலாறு அந்தப் பூட்டை உடைத்த வரலாறு.

முதல் அடி ஒரு பெண்ணுடையது. ஐடா பி. வெல்ஸ் 1862இல் ஹோலி ஸ்பிரிங்ஸில் அடிமைக் குழந்தையாகப் பிறந்தவர். பக்கத்து மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் பத்திரிகை நடத்தினார். 1892இல் அங்கே மளிகைக்கடை நடத்திய அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் வேறு இருவரையும் வெள்ளையர் கும்பல் கொன்றது. இத்தகைய கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பொய் என்று வெல்ஸ் எழுதினார். அவர் வெளியூரில் இருந்த நேரத்தில் பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. திரும்பினால் உயிருக்கு ஆபத்து. வடக்கே இருந்தபடியே ஊர், பெயர், தேதி, குற்றச்சாட்டு என்று ஒவ்வொரு கொலையையும் திரட்டி நூலாக்கினார். இன்று புலனாய்வு இதழியல் என்று நாம் சொல்வதன் தொடக்கங்களில் ஒன்று அது. புலிட்சர் குழு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது 2020இல். அவர் இறந்து 89 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாட்செஸ் அருகே 1908இல் பிறந்த ரிச்சர்ட் ரைட்டின் கதை நூலகத்தில் தொடங்குகிறது. மெம்ஃபிஸில் வேலை பார்த்த இளைஞருக்கு வாசிக்க ஆசை. கறுப்பருக்கு நூலகம் இரவல் தராது. உடன் வேலை பார்த்த வெள்ளையர் ஒருவர் தம் உறுப்பினர் அட்டையைக் கொடுத்தார். இந்தப் பையனிடம் புத்தகங்களைக் கொடுத்தனுப்புங்கள் என்று அந்த வெள்ளையரே எழுதியதுபோல ரைட் ஒரு சீட்டு எழுதினார். நூலகர் சந்தேகப்படக் கூடாதே என்று, தம்மையே இழிவுபடுத்தும் சொல்லை அந்தச் சீட்டில் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். பிறகு 'நேட்டிவ் சன்' (1940), 'பிளாக் பாய்' (1945) என்ற நூல்களைப் படைத்த கை அது. ரைட் சிகாகோ போனார், பாரிஸ் போனார், 1960இல் அங்கேயே இறந்தார்.

எழுதப் படிக்க வழியில்லாதவர்களுக்குப் பாட்டு இருந்தது. பருத்திக் காட்டு டெல்டாவில் பிறந்த புளூஸ் இசை, கூலி வாங்கிய கைகள் கிடார் கம்பியில் பேசிய பேச்சு. 1941 ஆகஸ்டில், ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிய மடி வாட்டர்ஸைத் தேடி, காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார். பின்னர் இசைத்தட்டு கைக்கு வந்தபோது வாட்டர்ஸ் தம் குரலைத் தாமே கேட்டார். தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அங்கே பிறந்தது. இரண்டே ஆண்டில் சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவர் மின்கிடாரில் வாசித்த புளூஸ்தான் பின்னாளில் ராக் இசைக்கு அடித்தளம்.

டூப்பலோவில் ஓர் இரண்டு அறை வீட்டில் 1935இல் பிறந்தவர் எல்விஸ். 1954இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் பாட்டு, ஃபாரஸ்ட் என்ற மிசிசிப்பி ஊரில் பிறந்த கறுப்பினப் பாடகர் ஆர்தர் கிரடப் இயற்றிப் பாடியது. எல்விஸ் உலகப் புகழ் பெற்றார். கிரடப் தமக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகை கைக்கு வராமலே 1974இல் இறந்தார். ஒரே மாநிலம், ஒரே பாட்டு. நீதி ஒன்றாக இல்லை.

ஊரிலேயே இருந்து எழுதியவர்களும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் ஃபாக்னர் வாழ்ந்த வீட்டின் சுவரில் 'எ ஃபேபிள்' நாவலின் நிகழ்ச்சி வரிசையை நாள்வாரியாக அவர் எழுதிவைத்தது இன்றும் இருக்கிறது. சொந்த வட்டாரத்தையே கற்பனை மாவட்டமாக்கி, வெள்ளையர் குடும்பங்களின் குற்ற உணர்வை அவர்போல் தோண்டியவர் இல்லை. ஆனால் 1956இல், சம உரிமைக்காகப் போராடியவர்களைப் பார்த்துச் சற்று நிதானியுங்கள் என்று எழுதியவரும் அவரே. அந்த இடத்தில் நாவலாசிரியரின் துணிவு கட்டுரையாளருக்கு இல்லாமல் போனது.

அந்தத் துணிவு ஒரு சிற்றூர்ப் பத்திரிகையாசிரியரிடம் இருந்தது. அலபாமாவில் பிறந்து, மிசிசிப்பியின் லெக்சிங்டனில் வார இதழ் நடத்திய ஹேசல் பிரானன் ஸ்மித், கறுப்பர் ஒருவரைச் சுட்ட ஷெரிஃபை 1954இல் தலையங்கத்தில் கண்டித்தார். விளம்பரங்கள் நின்றன; போட்டிப் பத்திரிகை ஒன்று கிளப்பிவிடப்பட்டது. 1964இல் தலையங்கத்துக்கான புலிட்சர் பெற்ற முதல் பெண் அவர். விருது வந்தும் கடன் தீரவில்லை. கடைசியில் பத்திரிகையை இழந்தார்.

காலம் சில கணக்குகளைத் திருப்பி எழுதியது. காஸியஸ்கோ என்ற ஊரில் 1954இல் பிறந்து பாட்டி வீட்டில் எழுத்துக் கற்ற ஓப்ரா, 2005 கோடையில் தம் வாசகர் வட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தவை ஃபாக்னரின் மூன்று நாவல்கள். கடலோர டிலைல் ஊரைச் சேர்ந்த ஜெஸ்மின் வார்டு, 2011, 2017 ஆகிய ஆண்டுகளில் தேசிய நூல் விருதை இருமுறை வென்றார். அவர் ஊரை விட்டு ஓட வேண்டியிருக்கவில்லை. அங்கேயே இருந்து எழுதுகிறார்.

1963 ஜூன் 12 அன்று ஜாக்சனில், உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நகரில் வசித்த யூடோரா வெல்ட்டி, செய்தி கேட்ட கையோடு, கொலையாளியே பேசுவதுபோல் ஒரு சிறுகதை எழுதினார். அப்போது யாரும் கைதாகவில்லை. பிறகு பைரன் டி லா பெக்வித் பிடிபட்டபோது, கதை உண்மைக்கு அத்தனை நெருக்கமாக இருந்ததால் அச்சுக்கு முன் சில விவரங்களை மாற்ற வேண்டிவந்தது. முழுக்க வெள்ளையர் கொண்ட நடுவர் குழுக்கள் இருமுறை முடிவுக்கு வராமல் கலைந்தன. 1989இல் ஜாக்சன் நாளிதழான கிளாரியன்-லெட்ஜரில், அரசு அமைப்பு ஒன்றே கொலையாளிக்கு மறைவாக உதவியதை ஜெர்ரி மிட்செல் வெளிக்கொணர்ந்தார். வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. 1994 பிப்ரவரி 5 அன்று பெக்வித் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. வெல்ட்டிக்கு அப்போது 84 வயது. அதே ஜாக்சனில்தான் இருந்தார்.