கருக்கை எந்த அலமாரியில் வைப்பது?

பாமாவின் ‘கருக்கு’ ஒரு கிறிஸ்தவ நூல். இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கிறார்கள். இலக்கிய நண்பர்களுக்கு அது தலித் தன்வரலாறு, அதோடு முடிந்தது. அதில் போய் விசுவாசம், ஜெபம் என்று பேசினால் நூலின் அரசியலை நீர்த்துப்போகச் செய்வதாக நினைக்கிறார்கள். கோயில் பக்கம் கேட்டால் இன்னும் எளிதான பதில்: “அது சிஸ்டர்களைத் திட்டி எழுதின புத்தகம்தானே?” படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள், படிக்காதவர்களும் இதையே சொல்கிறார்கள்.

1992இல் மதுரையிலிருந்து வெளிவந்த புத்தகம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்து, கிராஸ்வேர்ட் விருதும் பெற்ற பிறகு உலகமெங்கும் பாடத்திட்டங்களுக்குள் போய்விட்டது. பாடத்திட்டத்துக்குள் போகும் புத்தகத்துக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். நாலு வினா, நாலு விடை. சாதி, பாலினம், மதம் என்று மும்மடங்கு ஒடுக்குமுறை. வட்டார வழக்கு. தன்வரலாறா, சமூக வரலாறா? எல்லாம் சரிதான். ஆனால் இந்த வினாக்கள் எதுவுமே என்னை உறுத்தும் ஒரு கேள்வியைத் தொடுவதில்லை. இந்தப் பெண் ஏன் கன்னியாஸ்திரீ ஆனார்?

அதற்குப் போகும் முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில் வளர்ந்தவன். எங்களுக்குக் கதை என்றால் முதலில் சாட்சிதான். கன்வென்ஷன் பந்தலில், காத்திருப்புக் கூட்டத்தில், வீட்டு ஜெபத்தில் யாராவது எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். அதற்கு ஒரு கறாரான இலக்கணம் உண்டு. வியாதி வந்தது, கடன் வந்தது, பிள்ளை வழிதவறியது. அழுதோம், உபவாசம் இருந்தோம். “ஆனால் கர்த்தர்...” என்று ஒரு திருப்பம். பிறகு ஸ்தோத்திரம். அந்த ‘ஆனால்’ வரும்வரை கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். நல்ல கதைசொல்லிகள் அதைக் கடைசிவரை தள்ளிப்போடத் தெரிந்தவர்கள்.

நான் இதைக் கிண்டல் செய்யவில்லை. உயிரோடு இருப்பதற்கு அந்த ‘ஆனால்’ தேவைப்பட்ட மனிதர்களை எனக்குத் தெரியும். ஆனால் கஷ்டம் இன்னும் தீராதவர்களிடம் யாரும் மைக்கைக் கொடுப்பதில்லை. தீர்ந்த கஷ்டம் மட்டும்தான் சாட்சி. தீராதது ‘ஜெபக் குறிப்பு’. துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டியது.

யோபுவின் புத்தகத்தையும் நாம் இப்படித்தான் படித்து வைத்திருக்கிறோம். முதல் இரண்டு அதிகாரங்களில் எல்லாம் போகிறது, 42ஆம் அதிகாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. பிரசங்கத்துக்கு அது போதும். நடுவில் 3ஆம் அதிகாரத்திலிருந்து அந்த மனுஷன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். பார்க்க வந்த நண்பர்களோ கடவுளின் பக்கம் நின்று அழகாக, சுத்தமான இறையியல் பேசுகிறார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது அந்த நண்பர்கள் மேல்தான். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார். இந்த இடத்தை வைத்து யாராவது பிரசங்கம் பண்ணி நான் கேட்டதே இல்லை. ‘கருக்கு’வைப் படித்தபோதுதான் யோபுவின் அந்த நடுப்பகுதி தமிழில் எப்படி ஒலிக்கும் என்று எனக்குப் புரிந்தது.

நூலின் சிறுமி ஒரு கத்தோலிக்கக் குழந்தை. காலையில் பூசை, ஞானோபதேசம், தப்பாகச் சொன்னால் அடி, பேய் பற்றிய பயம், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்முன் பாவங்களைத் தேடி எடுப்பது. பாமா இதையெல்லாம் சிரிப்போடு எழுதுகிறார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு பிரியமும் இருக்கிறது. கோயில் அவளுக்கு வெளியே நிற்கும் நிறுவனம் இல்லை. ஊரில் மலையும் கண்மாயும் இருப்பது போலக் கோயிலும் இருக்கிறது.

அப்புறம் அந்தத் தேங்காய். பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது ஒரு குரும்பை மரத்திலிருந்து விழுகிறது. இவள்தான் திருடினாள் என்று எல்லார் முன்னாலும் சாதியைச் சொல்லித் திட்டி, பள்ளிக்கூடத்துக்கு வராதே என்று தலைமை ஆசிரியர் விரட்டுகிறார். குழந்தை சாமியாரிடம் போகிறாள். நடந்ததைச் சொல்கிறாள். அவரும், நீ சேரிக்காரிதானே, செய்திருப்பாய் என்கிற தொனியில்தான் பேசுகிறார். பிறகு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறார், அதை வைத்து அவள் மறுபடி வகுப்புக்குள் போகிறாள். எனக்கு இந்தக் காட்சியில் தலைமை ஆசிரியரைவிட அந்தச் சாமியார்தான் பயங்கரமாகத் தெரிகிறார். அவர் உதவி செய்கிறார். நம்பாமல் உதவி செய்கிறார். பின்னால் மடத்தில் பாமா பார்க்கப்போகும் கருணை முழுவதும் இந்த ஒரு கடிதத்துக்குள் இருக்கிறது.

வடைப் பொட்டலக் காட்சி இதைவிடப் பிரபலமானது. தெருவின் பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்பாய் வருகிறது. அண்ணன் விளக்கிய பிறகு சிரிப்பு நின்றுபோகிறது. படி, நல்லாப் படி, முதல் ஆளாய் வா என்று அண்ணன் சொல்கிறார். அவள் படிக்கிறாள். இதுவரை வந்த வாசிப்புகள் எல்லாம் இங்கிருந்து நேராகக் கோபத்துக்கும் அங்கிருந்து விடுதலைக்கும் ஒரு கோடு போட்டுவிடுகின்றன. ஆனால் புத்தகம் அந்தக் கோட்டில் போகவில்லை. நன்றாகப் படித்து, ஆசிரியராகி, கையில் சம்பளம் வாங்கி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் சந்தோஷமாக இருந்த ஒரு பெண், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்தில் போய்ச் சேர்கிறார். தன்னைத் திருடி என்று நினைத்த அதே திருச்சபையில். வீட்டில் எதிர்ப்பு, நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். கேட்கவில்லை.

ஏன்? அவரே சொல்கிற காரணம் மிக எளிமையானது. அந்தத் துறவற சபையை நிறுவிய பெண்மணியின் வாழ்க்கையைப் படிக்கிறார். அவர் ஏழைகளுக்காகவே வாழ்ந்து செத்தவர். அதே மாதிரி நானும் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவ்வளவுதான். நம் விமர்சகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடம். கொஞ்சம் வெகுளித்தனம், இளமைக்கால இலட்சியவாதம் என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் நூலின் அச்சாணி. எழுதி வைத்திருப்பதை அப்படியே நம்பிய ஒருவர். தரித்திரருக்கு நற்செய்தி என்றால் தரித்திரருக்குத்தான். ஏழ்மை வார்த்தைப்பாடு என்றால் ஏழ்மைதான்.

மடத்துக்குள் போனால் ஏழ்மை என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம். வேளாவேளைக்கு வகைவகையான சாப்பாடு, வசதியான கட்டடங்கள், பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பெருக்கித் துடைக்கும் வேலை. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடு மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கப்படுகிறது. தலித்துகளைப் பற்றி மற்ற சிஸ்டர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. ஏழு ஆண்டுகள்.

இங்கே ஒன்றை யோசித்துப் பார்க்கலாம். விசுவாசம் குறைந்த ஒருவர் அந்த மடத்தில் என்ன பண்ணியிருப்பார்? இருந்திருப்பார். சோறு உண்டு, கூரை உண்டு, மரியாதை உண்டு, வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறெதையாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். வெளியே வந்தால் வேலை இல்லை, பணம் இல்லை. கல்யாணம் ஆகாத பெண், அதிலும் மடத்திலிருந்து ‘ஓடி வந்தவள்’, அதிலும் தலித். வாடகைக்கு வீடு கேட்கப் போனாலே பத்துக் கேள்வி. இதெல்லாம் தெரிந்தேதான் வெளியே வருகிறார். விசுவாசத்தை இழந்ததால் வெளியேறினார் என்று சொல்வது சுலபம். நான் தலைகீழாகத்தான் படிக்கிறேன். உள்ளே இருந்து பொய்யாக ஜெபிக்க முடியாததால் வெளியேறினார். உடன்படிக்கையை உண்மையிலேயே எடுத்துக்கொண்டவருக்குத்தான் அது மீறப்படுவது தெரியும்.

இவ்வளவு சொன்னபிறகு, மடத்தைப் பற்றிய பகுதிகள் நூலின் பலவீனமான பகுதிகள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரை எழுதும்போது பாமா காட்சிகளாக எழுதுகிறார். மலைகளுக்குப் பெயர் இருக்கிறது, பாட்டிக்குக் குரல் இருக்கிறது, விளையாட்டு, வசை, கஞ்சி எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கின்றன. மடத்துக்குள் போனதும் காட்சிகள் வற்றி, குற்றச்சாட்டுகள் வருகின்றன. சொன்னதையே திரும்பவும் சொல்கிறார். ஒரு சிஸ்டர்கூட முகத்தோடு நம் நினைவில் நிற்பதில்லை. இதற்கு நான் வைத்திருக்கும் விளக்கம் இதுதான்: ஊரில் அவர் மொழிக்குள் இருந்தார். மடத்தில் பேசிய மொழி அவருடையது இல்லை. அந்தப் பேச்சைத் தன் எழுத்துக்குள் கொண்டுவர அவருக்கு மனமும் இல்லை. இந்த விளக்கம் காரணத்தைச் சொல்கிறதே தவிர, பக்கங்களைக் காப்பாற்றவில்லை. ‘சங்கதி’யில் அவர் மறுபடி பெண்களின் வாய்ப்பேச்சுக்குள் திரும்பும்போது எழுத்துக்கு உயிர் வந்துவிடுவதைப் பார்க்கலாம்.

பாமா என்பது புனைபெயர். இது எனக்கு இன்னொரு புத்தகத்தை நினைவுபடுத்துகிறது. சி.எஸ். லூயிஸ் 1940இல் ‘தி ப்ராப்ளம் ஆஃப் பெய்ன்’ எழுதினார். கடவுள் நல்லவர் என்றால் வலி ஏன் என்பதற்குத் தெளிவான, வாதப்பூர்வமான பதில். இருபது வருடம் கழித்து, 1960இல், அவர் மனைவி ஜாய் டேவிட்மன் புற்றுநோயில் இறந்தார். அப்போது நோட்டுப் புத்தகங்களில் எழுதியது 1961இல் ‘எ க்ரீஃப் அப்சர்வ்ட்’ ஆக வந்தது. என்.டபிள்யூ. கிளார்க் என்ற புனைபெயரில். உலகமே வாசித்த கிறிஸ்தவ வாதவல்லுநர், கதவு முகத்தில் அறைந்து சாத்தப்பட்டதாக உணர்ந்ததை எழுதும்போது மட்டும் தன் பெயரைப் போடவில்லை. பதில் சொல்கிற புத்தகத்துக்குச் சொந்தப் பெயர், கேட்கிற புத்தகத்துக்கு வேறு பெயர்! இருவரின் துயரமும் ஒன்றல்ல. லூயிஸின் துயரம் மரணம் கொடுத்தது, யாரும் பொறுப்பில்லை. பாமாவுக்கு நேர்ந்தவற்றுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களில் பலர் சிலுவை அணிந்தவர்கள். லூயிஸ் கடவுளோடு மட்டும் சண்டை போட்டால் போதும். பாமாவுக்குக் கடவுளை முதலில் அவர்களிடமிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பிரித்தெடுத்தலின் கனம் தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாறு தெரிந்தால்தான் புரியும். வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதி பிரிக்கும் சுவர் இருந்தது. அதை இடிக்க 1910 வரை ஆயிற்று. கல்லறைத் தோட்டங்களில் பிரிவினை அதற்குப் பிறகும் போகவில்லை. மறுபக்கம் அரசு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துக்கள் மட்டும். 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ தலித்துகள் இன்றுவரை வெளியே. கோயிலுக்குள் போனால் நீ தலித், அரசு அலுவலகத்துக்குப் போனால் நீ கிறிஸ்தவன். இந்த நிலையில் ஒருவர் கிறிஸ்துவை விடாமல் இருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

பாமா என்ன செய்கிறார் என்றால், தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இயேசுவை எடுத்து மேசைமேல் வைக்கிறார். சாந்தமானவர், பொறுமையானவர், தாழ்மையானவர், மறுகன்னத்தைக் காட்டுபவர். இதைத்தான் எங்களுக்குச் சொன்னீர்கள். அநியாயத்தைக் கண்டு கொதித்தவரை, ஏழைகளின் பக்கம் நின்றவரை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். கவனியுங்கள், இயேசு பொய் என்று சொல்லவில்லை. பாதியை மறைத்துவிட்டீர்கள் என்கிறார். வீட்டுக்கு உரிமை கொண்டாடுகிறவர்தான் பத்திரத்தில் ஒரு பக்கம் காணோம் என்று சண்டைக்கு வருவார்.

இந்தப் புத்தகத்தில் அந்தச் சாட்சிக்கூட்டத்து ‘ஆனால்’ வருவதேயில்லை. முடிவில் பாமா இறக்கை ஒடிந்த நிலையில்தான் இருக்கிறார். யாரும் வந்து தூக்கிவிடவில்லை, இரண்டு மடங்கு எதுவும் திரும்பவில்லை. அவர் இப்போது விசுவாசியா இல்லையா என்று கேட்டால் புத்தகத்தில் நேரடியான பதிலும் கிடையாது. முன்னுரை மட்டும் இருக்கிறது. பனங்கருக்குக்கு இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி பல் உண்டு. சின்ன வயதில் விறகுக்காகப் பொறுக்கப்போய்க் கையைக் கிழித்துக்கொண்ட அந்தக் கருக்கைத்தான் தலைப்பாக வைக்கிறார். வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே எபிரேயர் நிருபத்தில் வரும் இருபுறமும் கூரான வாளைக் கொண்டுவந்து வைக்கிறார். அங்கே கடவுளின் வார்த்தைக்குச் சொல்லப்பட்ட உவமை அது. மடத்தை விட்டுவிட்டு, வேலையில்லாமல், கையில் ஒன்றுமில்லாமல் நின்றுகொண்டு, தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்துக்குப் பெயர் தேடுகிறவர் அந்த நிருபத்தைத்தான் எடுத்துப் புரட்டியிருக்கிறார்.