கணிப்பொறியில் ஸ்பிட்ஃபயர்: கை அறியாத விசை

கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பாதையை ஒட்டிய தெருவில் குடியிருக்கும் என் மாணவர் ஒருவருக்கு விமானப்படையில் சேர ஆசை. வீட்டுக் கணிப்பொறியில், ‘டி.சி.எஸ்.’ என்ற பாவனைப் பறப்பு விளையாட்டில், ஸ்பிட்ஃபயர் மார்க் 9 போர் விமானத்தை ஓட்டிப் பழகுகிறார். பத்து முறை புறப்பட முயன்று, பத்து முறையும் ஓடுபாதையின் இடப்புறம் புல்லில் கவிழ்ந்தார். “இதில் ஏதோ கோளாறு சார்” என்றார். கோளாறு உண்டு, அவர் நினைத்த இடத்தில் அல்ல.

ஓட்டியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இந்த விமானத்தின் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்வினை இடச் சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. விசிறி தள்ளும் காற்றோ புரிபோல் உடலைச் சுற்றி வந்து, வாலின் நிமிர்ந்த தட்டை இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்புறம் ஒதுங்க, மூக்கு இடப்புறம் திரும்புகிறது. வால் எழும்போது இன்னொன்றும் சேர்கிறது. சுழலும் பம்பரத்தைத் தள்ளினால் தள்ளிய திசையிலா சாய்கிறது? பக்கவாட்டில் அல்லவா விலகுகிறது! விசிறியும் ஒரு பம்பரமே. மூக்கு மேலும் இடப்புறம் போகிறது.

ஆகவே இடப்புறம் இழுப்பது இப்பாவனையின் குறையன்று, நேர்மை. அசல் விமானத்தின் கையேடே, புறப்படுமுன் சுக்கான் டிரிம்மை முழுவதும் வலப்புறம் வைக்கச் சொல்கிறது. 1944-இல் நம் விமானப்படைக்கு வந்த மார்க் 8-இலும் இதே மெர்லின் வகை எஞ்சின்தான். ஆனால் 1946-இல் ஜப்பான் சென்ற நம் 4-ஆம் ஸ்குவாட்ரனின் மார்க் 14-இல் இருந்தது கிரிஃபன் எஞ்சின். அதன் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். டிரிம் முழுவதும் இடப்புறம் இருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் கை வலப்புறம் சுழற்றியிருந்தால் என்னவாகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பின் கோளாறு எங்கே? மாணவரின் மேசைமீது. அவருக்குச் சுக்கான் மிதி இல்லை. கீபோர்டின் இரு பொத்தான்கள்தாம். ‘கொஞ்சமாக மிதி, முன்கூட்டியே மிதி’ என்பதைப் பொத்தானுக்கு எப்படிச் சொல்வது?

ஜாய்ஸ்டிக்கின் குறை இன்னும் ஆழமானது. உண்மை விமானத்தில் கைப்பிடியை எதிர்த்துத் தள்ளுவது காற்று. வேகம் இருமடங்கானால், அதே அளவு சாய்த்த தட்டின்மீது காற்றின் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஜாய்ஸ்டிக்கில் இருப்பதோ ஒரு சுருள்வில். எவ்வளவு சாய்த்தோம் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். விமானம் நிற்கிறதா பறக்கிறதா என்பது தெரியாது. உண்மை ஓட்டி, கைப்பிடியை வேண்டிய நிலையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, கையில் பாரம் மறையும்வரை டிரிம் சக்கரத்தைச் சுழற்றுவார். இங்கோ டிரிம் ஏற ஏறக் கைப்பிடியை நடுவுக்குத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். பாடம் தலைகீழாகிறது! கணக்கை இவ்வளவு சரியாகப் போட்டவர்களின் உழைப்பு, மேசைமேலுள்ள ஒரு சுருள்வில்லில் வந்து நின்றுவிடுகிறது.

‘புறப்பாட்டு உதவி’ என்னும் வசதியைப் போட்டால் விமானம் நேராகத்தான் ஓடும். அதை நான் அணைத்து வைக்கச் சொன்னேன். டிரிம்மை முழுவதும் வலப்புறம் வைத்து, எஞ்சின் விசையை மெல்ல மெல்லக் கூட்டியதில், இப்போது பெரும்பாலும் நேராகவே எழும்புகிறார். மிதிப்பலகை ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வருகிறார்.