இருக்கை உறையும் இருபத்தெட்டு நாளும்

'மேட் இன் டேகன்ஹாம்' படத்தை முதல்முறை பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டாத குறைதான். நைஜல் கோல் இயக்கி 2010-இல் வந்த பிரிட்டிஷ் படம் அது. 1968-இல், டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்து ஆலையையே ஸ்தம்பிக்க வைத்த கதை. சாலி ஹாக்கின்ஸ் நடித்த ரீட்டா கற்பனைப் பாத்திரம், போராட்டம் நிஜம். அந்தக் காலகட்டத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு இரண்டாம் முறை பார்த்தபோது கை எழவில்லை. ஏன் என்று யோசித்ததை எழுதிப் பார்க்கிறேன்.

படத்தின் ஆகச்சிறந்த காட்சி பேச்சுவார்த்தை மேசையில் நடக்கிறது. ரீட்டா தன் பையிலிருந்து தோல் துண்டுகளை எடுத்து நிர்வாகத்தின் முன் போடுகிறாள். இதையெல்லாம் சேர்த்து ஒரு உறையாக்க உங்களுக்குத் தெரியுமா, இதுவா திறமை தேவைப்படாத வேலை என்று கேட்கிறாள். அசல் சண்டையே இதுதான். ஃபோர்டு கொண்டுவந்த புதிய தரவரிசையில் அந்தப் பெண்களை 'பி' கிரேடில் வைத்தார்கள். அவர்கள் கேட்டது 'சி'. அதற்கு மேல், அதே 'பி' கிரேடில் இருந்த ஆணின் கூலியில் 85 சதவீதம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. ஆக, இரண்டு தனித்தனி அநியாயங்கள். வேலையின் மதிப்பு ஒன்று, ஆண் பெண் கூலி மற்றொன்று. படம் பாதி தாண்டியதும் இரண்டாவது முதலாவதை விழுங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் வரும். சில வருடங்களுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் 'பேண்ட்' எல்லாவற்றையும் மாற்றியமைத்தார்கள். டெஸ்டிங் டீமில் இருந்த பெரும்பாலானோரை ஒரு படி கீழே இறக்கினார்கள். "சம்பளம் குறையலையே, அப்புறம் என்ன?" என்றார் மேனேஜர். என்னவென்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சேர்ந்து போய்க் கேட்க ஒரு சங்கமும் இல்லை. அந்தத் தோல் துண்டுகளைப் பார்த்தபோதுதான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று புரிந்தது.

படத்தின் உச்சம் அமைச்சர் பார்பரா காசிலின் அறை. மிராண்டா ரிச்சர்ட்சன் பிரமாதமாக நடித்திருக்கிறார். தொழிற்கட்சி அரசின் வேலைவாய்ப்பு அமைச்சர், பெண், இடதுசாரி. போராடும் பெண்களை அழைத்துப் பேசுகிறார், சிக்கல் தீர்கிறது. நிஜத்தில் கிடைத்தது ஆண்களின் கூலியில் 92 சதவீதம், முழுக் கூலி அதற்கடுத்த ஆண்டில். சம ஊதியச் சட்டம் 1970-இல் நிறைவேறியது, 1975 முடிவில்தான் முழுமையாக அமலுக்கு வந்தது. 'சி' கிரேடு என்ன ஆயிற்று? கிடைக்கவில்லை. சட்டமும் அதற்கு உதவவில்லை. ஒரே மாதிரியான வேலையையோ, நிறுவனத்தின் மதிப்பீட்டில் சமமென்று வந்த வேலையையோதான் அது ஒப்பிட்டது. தையல் பகுதியில் எல்லோரும் பெண்கள். அவர்களை 'பி' என்று வைத்ததே நிறுவனத்தின் மதிப்பீடுதான்!

படம் தொடாத இன்னொன்று இருக்கிறது. தேநீர் சந்திப்பு நடந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, 1969 ஜனவரியில் அதே காசில் 'இன் பிளேஸ் ஆஃப் ஸ்ட்ரைஃப்' என்ற வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். திடீர் வேலைநிறுத்தங்களை 28 நாள் நிறுத்திவைக்கவும், பெரிய வேலைநிறுத்தங்களுக்கு முன் வாக்கெடுப்பு நடத்தச் சொல்லவும் அமைச்சருக்கு அதிகாரம். மீறினால் அபராதம். டேகன்ஹாம் போராட்டம் மூன்று வாரத்தில் முடிந்தது. அது ஜெயித்ததற்குக் காரணம் எளிமையானது. இருக்கை உறைகளின் கையிருப்பு தீர்ந்தது, இருக்கை இல்லாமல் காரை விற்க முடியாது. 28 நாள் தைத்துக்கொண்டே பேசுங்கள் என்று உத்தரவு வந்திருந்தால் கிடங்கு நிரம்பியிருக்கும். பேச்சு நடந்திருக்கும், பிடி இருந்திருக்காது.

காசிலைத் துரோகி என்று சொல்லிவிடுவது சுலபம். நான் சொல்ல மாட்டேன். அதே அறிக்கையில் சங்கத்தில் சேரும் உரிமையும் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பும் இருந்தன. சங்கத் தலைவர்கள் எல்லோருக்காகவும் பேசுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பெண்களின் பிரச்சினையை ஆண் சங்கத்தலைவர்கள் எப்படித் தள்ளிப்போட்டார்கள் என்பதைப் படமே காட்டுகிறது. ஆனால் பலவீனமானவர்களைச் சட்டத்தால் காக்க நினைத்தவர், அவர்கள் கையிலிருந்த ஒரே ஆயுதத்தையும் அதே சட்டத்தால் கட்டப் பார்த்தார். அமைச்சரவைக்குள்ளேயே ஜேம்ஸ் காலகன் எதிர்த்தார். 1969 ஜூனில், பிரச்சினைகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தொழிற்சங்கப் பேரவை அளித்த உறுதிமொழியோடு திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. பின்னாளில் பிரதமரான காலகனின் 5 சதவீத ஊதிய உச்சவரம்பை 1978-இல் உடைத்ததும் ஃபோர்டு தொழிலாளர்கள்தான்.

இதையெல்லாம் இரண்டு மணி நேரப் படத்தில் அடைக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். என் புகார் அதைப் பற்றியதல்ல. நல்ல அமைச்சர் வந்தார், கதை முடிந்தது என்கிற வடிவம், உரிமை மேலிருந்து இறங்கி வருகிறது என்ற எண்ணத்தைச் சத்தமில்லாமல் விதைத்துவிடுகிறது. தேர்தலில் நம்மாட்கள் ஜெயித்துவிட்டால் சங்கம் வீட்டுக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

டேகன்ஹாம் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. 1984-இல், தாட்சர் ஆட்சியில், மறுபடியும் வாரக்கணக்கில் வேலையை நிறுத்தினார்கள். அதன் பிறகே 'சி' கிரேடு கிடைத்தது. பதினாறு வருடம். மேசையில் போட்ட தோல் துண்டுகளுக்கான பதில் அப்போதுதான் வந்தது. நான் பார்க்க விரும்புவது அந்த இரண்டாவது படத்தை. அதில் நல்ல அமைச்சர் யாரும் வர மாட்டார்.