காகிதத்தில் ஒரு சிற்பம்

இசாமு நொகுச்சி அடிப்படையில் சிற்பி. இளவயதில் பாரிசில் சிற்பி பிரான்குசியின் பட்டறையில் உதவியாளராக இருந்து கல்லும் மரமும் பழகியவர். 1951இல் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போனார். அவ்வூரின் காகித விளக்குத் தொழில் அப்போது நலிந்திருந்தது. அதற்குக் கைகொடுக்கும்படி நகர மேயர் கேட்டுக்கொண்டார். அப்படிப் பிறந்தவைதான் ‘அகாரி’ விளக்குகள்.

செய்முறையே ஓர் அழகு. மரத்துண்டுகளைப் பொருத்தி முதலில் அச்சு செய்கிறார்கள். அதன்மேல் மெல்லிய மூங்கில் சிம்பைச் சுற்றுகிறார்கள். முசுக்கட்டை இன மரத்தின் உட்பட்டையில் செய்த வாஷி காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக ஒட்டுகிறார்கள். பசை காய்ந்ததும் அச்சைக் கழற்றித் துண்டு துண்டாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது மூங்கிலும் காகிதமும்தான். மடக்கினால் தட்டையாகிப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

மரபிலிருந்து கடன் வாங்குவோர் பெரும்பாலும் தோற்றத்தை எடுத்துக்கொண்டு செய்முறையை விட்டுவிடுவார்கள். நொகுச்சி செய்தது நேர்மாறு. செய்முறையில் கைவைக்கவில்லை; மெழுகுவத்தியின் இடத்தில் மின்விளக்கை வைத்தார்; பூவும் கொடியும் வரையும் வழக்கத்தை ஒதுக்கினார்; உருண்டை, தூண், வட்டு என்று வடிவங்களைப் பெருக்கினார். சில விளக்குகளில் மூங்கிலை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் சுற்றவைத்தார். காகிதம் வழியே வரும் வெளிச்சம் கண்ணைக் குத்துவதில்லை; அறை முழுக்க மெதுவாகப் பரவுகிறது.

1986இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் தன் சிற்பங்களோடு இவ்விளக்குகளையும் அவர் காட்சிக்கு வைத்தார். கிஃபுவின் ஒசெகி பட்டறையில் இன்றும் அவை கையால்தான் செய்யப்படுகின்றன.